கடைசி ஆளுக்குப் பின்னால்

இது நடந்தது. தாராவி பொன்செல்விக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அவளே ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள்.

பேய் என்றால் நடுராத்திரியில் புளியமரத்தில் தொங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். நடந்தது ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு மேல். மரமும் கிடையாது. ஒரு மேடு இருந்தது. ஒரு சைக்கிள் இருந்தது. அல்லது இல்லை. அதுதான் விஷயமே.

மும்பை மாட்டுங்காவில் ‘ராயல் பெடல் ரைடர்ஸ்’ என்று ஒரு சைக்கிள் குழு. கேப்டன் சுப்ரமணியன். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்னவோ கம்பெனிக்குத்தான் கிடைத்தது. அவருடைய சைக்கிள் ஏழு கிலோ. அதைச் சொல்லாமல் அவர் யாருக்கும் குட்மார்னிங் சொன்னதில்லை. சைக்கிளில் குறைத்த எடையைத் தன் இடுப்பில் பத்திரமாக வைத்திருந்தார்.

குழுவுக்கு ஜெர்சி உண்டு. அதன் முதுகில் ‘யாரையும் பின்னால் விட்டுச் செல்வதில்லை’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. முதுகில் இருப்பதால், பின்னால் விட்டுச் செல்லப்பட்டவர்கள் மட்டுமே அதைப் படிக்க முடியும்.

பொன்செல்வி அதை அடிக்கடி படித்திருக்கிறாள். முப்பது வயது. செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். சைக்கிள் வாங்கி ஒரு வருஷம், குழுவில் சேர்ந்து எட்டு மாதம். அதற்கு முன் சைக்கிளைத் தொட்டதுகூட இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதத்தில் அவள் செய்த காரியம் ஒன்று உண்டு. உல்ஹாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் யாரும் ஓட்டாத சின்னச் சாலைகளாகத் தேடித் தேடி, தனியாகவே ஓட்டிப் பார்த்து, பத்லாபூரிலிருந்து கர்ஜத் வரை ஒரு வழியைக் கோத்திருந்தாள். ஆற்றை ஒட்டிக் கொஞ்ச தூரம், நெல் வயல்களுக்கு நடுவே கொஞ்ச தூரம், வாங்கணி தாண்டியதும் ஒரு மேடு, அப்புறம் இறக்கம். நெடுஞ்சாலைப் புகையே கிடையாது.

கேப்டன் வரைபடத்தைப் பார்த்தார். “ட்ரையல் ரைடு நல்லபடியா முடியட்டும். மேப்புல உன் பேரையே போட்டுடறேன்” என்றார்.

பெயர். அவளுக்கு அதுதான் வேண்டும். பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட்டின் அடியில் டாக்டர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும்; ரத்தம் எடுத்தவள் பெயர் இருக்காது. உலகத்தில் ஒரு காகிதத்திலாவது ‘பொன்செல்வி வழி’ என்று இருக்கட்டுமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு பத்லாபூரில் போய் இறங்கினார்கள். நல்ல மூடுபனி. கேப்டன் ஸ்டேஷன் வாசலில் நின்று, ஆறு நமது தாய், பள்ளத்தாக்கை நாம் வெல்லப்போகிறோம் என்று உரையாற்றினார். தாயை எதற்கு வெல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு பொன்செல்வி பக்கம் திரும்பினார்.

“நீ இன்னிக்கு ஸ்வீப்.”

ஸ்வீப் என்றால் வரிசையின் கடைசி ஆள். யார் டயர் வெடித்தாலும் யார் வாந்தி எடுத்தாலும் கூடவே நிற்க வேண்டியவர். அவரைத் தாண்டி யாரும் பின்னால் போகக் கூடாது.

“ரூட்டு என்னுது சார். வழி எனக்குல்லா தெரியும்?”

“வழி மேப்புல இருக்கும்மா. முன்னாடி போறதுக்கு ஒரு ப்ரெசன்ஸ் வேணும்.”

தௌசீப் அவள் காதோரம் குனிந்தான். தாராவிக்காரன், சயானில் மூக்குக்கண்ணாடிக் கடை, அவளைக் குழுவில் சேர்த்துவிட்டவன். “ப்ரெசன்ஸ் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் வழியுது, பாத்தியா?”

“பேசாம வால. சிரிச்சிருவேன்.”

சைக்கிள் குழுவில் இரண்டு வழக்கங்கள் உண்டு. இந்தக் கதைக்கு இரண்டும் வேண்டும்.

முதலாவது, கூவல். சாலையில் பள்ளம் இருந்தால் முதல் ஆள் கத்துவார். இரண்டாவது ஆள் அதை வாங்கி மூன்றாவது ஆளுக்குக் கத்துவார். இப்படியே கடைசிவரை போகும். பின்னாலிருந்து வண்டி வந்தால் நேர் எதிர். கடைசி ஆள் கத்துவார், அது முன்னால் போகும். கேப்டன் உத்தரவுப்படி எல்லாம் ஆங்கிலத்தில்தான். ‘ஹோல்’, ‘ஸ்டோன்’, ‘கார் பேக்’. பொன்செல்வி மட்டும் ‘குழி’, ‘கல்லு’, ‘வண்டி’ என்பாள். பள்ளத்தில் விழும்போது யாரும் ஆங்கிலத்தில் விழுவதில்லை என்பது அவள் கட்சி.

இரண்டாவது, ‘ஆல் இன்’. பயணம் முடிந்த இடத்தில் கேப்டன் கேட்பார், கடைசி ஆள் ‘ஆல் இன்’ என்று சொல்ல வேண்டும். எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். அந்தச் சொல் கடைசி ஆள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அது வந்தால்தான் ரைடு முடிந்தது.

புறப்பட்டார்கள். வாங்கணி வரை ஒரு குறையும் இல்லை.

எட்டு பத்துக்கு அந்த மேடு வந்தது. பனி இன்னும் இறுகியது. பொன்செல்விக்கு முன்னால் போகும் தௌசீப்பின் பின்விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அவனுக்கு முன்னால் வெறும் குரல்கள்தான்.

“ஹோல்!” என்று தௌசீப் கத்தினான்.

பொன்செல்வி பின்பக்கம் தலையைத் திருப்பி, “குழி!” என்றாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடைசி ஆள் பின்னால் கூவத் தேவையில்லை. எட்டு மாதமாக நடுவில் ஓட்டிய வாய் அது. பின்னால் ஆள் இல்லை என்பது வாய்க்குத் தெரியவில்லை.

“குழி...” என்றது பின்னால்.

எதிரொலி. மேட்டுப்பாங்கான இடம், கேட்கத்தான் செய்யும். அவள் மிதித்தாள்.

“ஸ்டோன்!” என்றான் தௌசீப்.

“கல்லு!”

“கல்லு...”

குரல் அவளுடையது மாதிரி இல்லை. கொஞ்சம் கனமாக இருந்தது. மீசை முளைக்கிற வயசுப் பையன் குரல் மாதிரி. பனியில் குரல் மாறும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறவள் சந்தேகத்தை அப்படியே விட மாட்டாள். பின்னால் திரும்பி, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

“இட்லி!”

எதிரொலிக்குக் குழி என்ன, இட்லி என்ன? எதைக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே.

பதில் இல்லை.

முன்னாலிருந்து தௌசீப், “என்னடி, பசிக்குதா?” என்றான்.

அவள் காதைப் பின்னால் வைத்தபடியே மிதித்தாள்.

“ஹோல்!”

“குழி!”

“குழி...”

இப்போது கிட்டத்தில்.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்... டிக்...

சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த சத்தம். மிதிக்காமல் சும்மா உருளும்போது பின்சக்கரம் போடும் சத்தம். மிதித்தால் நின்றுவிடும். இறக்கத்தில் கேட்கும். சமதளத்தில் கொஞ்ச நேரம் கேட்கும்.

இது மேடு.

நல்ல செங்குத்தான மேடு. பொன்செல்வி சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். தொடை எரிந்தது. மிதிக்காவிட்டால் சைக்கிள் பின்னால்தான் போகும்.

பின்னால் வருகிறவன் மிதிக்கவில்லை.

டிக்... டிக்... டிக்...

உருண்டு வருகிறான். மேட்டில்... மேல்நோக்கி...

அவள் கையில் மயிர் சிலிர்த்தது. அடுத்த நொடி கோபம் வந்தது. பயத்தைவிடக் கோபம் அவளுக்குப் பழக்கமான சாமான். பிரேக்கைப் பிடித்தாள். காலை ஊன்றினாள்.

சத்தம் உடனே நிற்கவில்லை.

டிக்... டிக்...

டிக்.

நின்றது.

“யாருல அது?” என்றாள். “ஆம்பளையா இருந்தா முன்னால வா.”

பனி. வெறும் பனி. அதற்குள் எதுவோ நிற்கிறது என்று மட்டும் தெரிந்தது. தெரிந்தது என்றால் கண்ணுக்கு இல்லை.

போனைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் அதுவாகவே அடித்தது. கேப்டன்.

“எங்கேம்மா இருக்கே? மேட்டு மேல நின்னுண்டிருக்கோம். ட்ரெயினை விட்டுடப்போறோம்.”

“பின்னால ஒரு ஆள் வாராவ சார்.”

“பின்னாடி யாரு? நீதானே கடைசி?”

“அதத்தான் நானும் கேக்கேன்.”

“மிதி, மிதி. வேலையத்த பேச்சு.”

போனை வைத்தாள். வேறு யாராவது இருந்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்திருப்பார்கள். அவள் பனியைப் பார்த்துச் சொன்னாள்.

“சரி. மொகத்தக் காட்டாண்டாம். மெதுவாவே வா. ஸ்வீப்புன்னு போட்டுட்டாவ, ஒன்ன விட்டுட்டுப் போவ மாட்டேன். ஆனா கிட்ட வந்தா செருப்பு பிஞ்சிரும்.”

மிதித்தாள்.

டிக்... டிக்...

வந்தது. அதே தூரத்தில். சொன்ன பேச்சைக் கேட்டு.

உச்சியில் எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்துவிட்டு உடனே இறங்க ஆரம்பித்தார்கள். கேப்டன் முன்னால், தௌசீப் கடைசிக்கு முந்தியவன், பொன்செல்வி கடைசி. இறக்கத்தில் எல்லார் சக்கரமும் டிக்டிக் என்றது. அதனால் பின்னால் இருப்பதைப் பிரித்துக் கேட்க முடியவில்லை.

குரல் மட்டும் கேட்டது.

காதருகில்.

“வண்டி!”

கெஞ்சுவது மாதிரி.

“அக்கா... வண்டி!”

அவள் திரும்பிப் பார்த்தாள். வெளிச்சம் இல்லை. ஹாரன் இல்லை. எஞ்சின் சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை.

ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. பின்னாலிருந்து கூவல் வந்தால் முன்னால் அனுப்ப வேண்டும். யோசிக்கக் கூடாது.

“வண்டி! வண்டி! ஓரம்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

“கார் பேக்!” என்றான் தௌசீப். அது பனிக்குள் முன்னால் ஓடியது. பன்னிரண்டு பேரும் ஓரத்துச் சேற்றுக்குள் இறங்கினார்கள். கேப்டன் கொஞ்சம் அதிகமாகவே இறங்கினார். ஏழு கிலோ சைக்கிள் மேலே, அவர் கீழே.

அதே நொடி லாரி வந்தது.

கல்குவாரி லாரி. டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு, விளக்கும் போடாமல், இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்தான். பொன்செல்வியின் முழங்கையை உரசாத குறையாகப் போனது. ஈரக் காற்று முகத்தில் அறைந்தது. பனிக்குள் மறைந்தது.

அதன் டயர் சத்தமும் தேய்ந்து அடங்கியது.

அந்த அமைதியில், எல்லா சைக்கிளும் சேற்றில் கிடக்கும்போது...

டிக்... டிக்... டிக்...

தௌசீப் அவளைப் பார்த்தான். அவனுக்கும் கேட்டது.

பத்து மணிக்குக் கர்ஜத் ஸ்டேஷன். வெயில் வந்துவிட்டது. வடாபாவ் வந்துவிட்டது. வெயிலும் வடாபாவும் வந்ததும் கேப்டனுக்குத் தைரியமும் வந்துவிட்டது. லாரி வருவதைத் தன் ‘ரோடு சென்ஸ்’ முன்கூட்டியே சொன்னதாக இரண்டு பேரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். ஜெர்சியில் சேறு காயவில்லை.

“பொன்செல்வி ரூட், பாஸ்டு வித் டிஸ்டிங்ஷன்!” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். வீடியோ எடுக்க ஒருவர் போனைத் தூக்கினார். “சொல்லும்மா. ஆல் இன்?”

பொன்செல்வி சொல்லவில்லை.

“ஆல் இன்?”

“இல்ல சார்.”

“எண்ணிப் பாரு. பன்னெண்டு பேர் போனோம், பன்னெண்டு பேர் வந்திருக்கோம்.”

“எனக்குப் பின்னால ஒருத்தர் வந்தாவ. இன்னும் வரல.”

சிரிப்பு எழுந்தது. கேப்டன் இடுப்புப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்து நீட்டினார். “லோ ஷுகர். காதுல சத்தம் கேக்கும். சாப்பிடு.”

“ஷுகர் பாக்கறதுதான் சார் எனக்குப் பொழப்பு. அது நல்லாத்தான் இருக்கு.”

“இதோ பார்.” குரல் இறங்கியது. “நீ ஆல் இன் சொல்லலேன்னா ட்ரையல் முடியலே. ட்ரையல் முடியலேன்னா ரூட் பாஸ் ஆகலே. உன் பேரு மேப்புல வராது. ரெண்டு வார்த்தை. சொல்லிடேன். என்ன கெட்டுப்போயிடுத்து?”

பொன்செல்விக்கு அந்த வரைபடம் கண்ணில் தெரிந்தது. ஆறு நீலக் கோடு. வழி சிவப்புக் கோடு. பக்கத்தில் அவள் பெயர்.

அக்கா என்று கூப்பிட்ட குரலும் காதில் இருந்தது. அந்தக் குரல் இல்லை என்றால் இந்த வடாபாவ் தின்ன பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

“சொல்ல மாட்டேன்” என்றாள். “பேரு வராட்டி போவுது. பின்னால வந்தவன இல்லன்னு சொல்ல என்னால ஆகாது.”

கேப்டன் போனுக்கு முகத்தைக் காட்டி, பெருவிரலை உயர்த்தி, “ஆல் இன்!” என்று தானே சொல்லிக்கொண்டார். ரைடு முடிந்தது. வரைபடத்தில் இப்போது இருப்பது ‘கேப்டன்ஸ் சர்க்யூட்’. வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் ரயில் ஏறினார்கள். பொன்செல்வி சைக்கிளைத் திருப்பினாள். தௌசீப்பும் கூட வந்தான். வெயிலில் அந்த மேட்டுக்குப் போனார்கள். அவள் நின்று சவால் விட்ட இடத்தில், சாலையோர ஈர மண்ணில், ஒரு டயர் தடம் இருந்தது. அவளுடையது. வேறு தடமே இல்லை.

திரும்பக் கர்ஜத் வந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் தௌசீப் வாயைத் திறந்தான்.

“பொன்னு, ஒண்ணு சொல்றேன், திட்டாதே. இந்த மேட்டுக்கு குரூப் முன்னாடி ஒரு தடவை வந்திருக்கு. ரெண்டு வருஷம் இருக்கும். நான் வரல, கேள்விப்பட்டதுதான். அன்னிக்கும் ஸ்வீப் ஆல் இன் சொல்லல. ஜகந்நாதன்னு ஒருத்தர். மறுநாளே சைக்கிளை வித்துட்டாரு. சான்பாடாவுல இருக்காரு, யாரையும் பாக்கறதில்ல. கேப்டன் ரோடு சரியில்லைன்னு சொல்லி இந்தப் பக்கம் வர்றதையே விட்டுட்டாரு.”

“இத மொதல்லயே சொல்லாண்டாமால, பாவி? நம்பர் இருக்கா?”

“கடைல கண்ணாடி வாங்கினாரு. இருக்கு.”

அவள் அங்கேயே அடித்தாள். ரொம்ப நேரம் மணி போனது. அப்புறம் எடுத்தார்.

“அண்ணாச்சி, நான் பொன்செல்வி பேசுதேன். தாராவியிலேருந்து. ராயல் பெடல் குரூப்பு...”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“அண்ணாச்சி?”

“இன்னொரு தரம் பேசும்மா” என்றார் அவர்.

“என்னத்தப் பேச?”

“வண்டின்னு சொல்லு. கத்திச் சொல்லு.”

பொன்செல்வி தௌசீப்பைப் பார்த்தாள். பிறகு பிளாட்பாரத்தில் எழுந்து நின்று, “வண்டி!” என்று கத்தினாள். மூட்டை தூக்கிப் போன இரண்டு பேர் சட்டென்று ஒதுங்கினார்கள்.

“வண்டி வண்டி ஓரம்” என்றார் ஜகந்நாதன் மெதுவாக. “அப்படித்தான் சொன்னே.”

“எப்ப அண்ணாச்சி?”

“ரெண்டு வருஷம் முன்னால. அந்த இறக்கத்துல. நான்தான் கடைசி. எனக்குப் பின்னால ஒரு பொம்பளைப் பிள்ளை குரல். தமிழ்ல. குரூப்புல அப்ப யாரும் தமிழ்ல கூவ மாட்டாங்க. பொம்பளையும் யாரும் கிடையாது. நான் ஓரத்துல குதிச்சேன். லாரி போச்சு. அந்தக் குரல் இல்லேன்னா நான் இல்ல. ரெண்டு வருஷமா அது காதுல இருக்கு. இப்ப போன்ல கேக்கறேன்.”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னால எனக்கு சைக்கிளே கெடையாது அண்ணாச்சி. எனக்கு ஓட்டவே தெரியாது.”

“தெரியும்மா. அதான் பயமா இருக்கு.”

ரயில் ஒன்று வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

“எனக்கும் பின்னால ஒரு குரல் கேட்டுச்சு. சின்னப் பையன் குரலு.”

“அவன் உனக்கு அப்புறம் வரப்போறவனா இருக்கும். இன்னும் சைக்கிள் வாங்கியிருக்க மாட்டான்.”

அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

“லாரி போனப்புறம் நீ இன்னொண்ணு சொன்னே” என்றார். “அழுதுக்கிட்டே சொன்னே. இன்னிக்கு அதைச் சொன்னியா?”

“நான் அழல. வேற ஒண்ணும் சொல்லவும் இல்ல. என்ன சொன்னேன்?”

“‘அண்ணாச்சி, திரும்பிப் பாக்காதிய.’”

பொன்செல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நான் பாக்கல. இன்னிவரைக்கும் தெருவுல யாராவது பின்னாலேருந்து கூப்பிட்டாக்கூடத் திரும்பறதில்ல. நீ இன்னிக்குச் சொல்லலேன்னா, அதைச் சொல்ற நாள் இன்னும் வரல. அவ்வளவுதான். இனிமே அங்க போகாதே.”

போன் அணைந்தது.

தௌசீப், “க்யா போலா? என்ன சொன்னாரு?” என்றான். அவள் சொன்னாள். முழுசும் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“போகாதே பொன்னு. வேற ரூட்டா இல்ல?”

“நான் போவாட்டி அண்ணாச்சிக்கு யாருல கூவுவா? அவரு லாரியில மாட்டட்டும்ங்கியா?”

“அவரு ஏற்கெனவே பொழச்சுட்டாரு!”

“நான் போனதாலதான பொழச்சாரு.”



அடுத்த ஞாயிறு அவள் போனாள். ராயல் ஜெர்சி போடவில்லை. தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் ஐந்து பேர் கூட வந்தார்கள். தௌசீப் திட்டிக்கொண்டே வந்தான். மழை விட்டதும் போனாள், குளிரிலும் போனாள். யார் எவ்வளவு கெஞ்சினாலும் கடைசி இடத்தை அவள் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த மேட்டில் பின்னால் திரும்பி ‘குழி’ என்பாள், ‘கல்லு’ என்பாள். பனி இருக்கும் நாளில் பதில் வரும்.

அவர் சொன்ன அந்த மூன்று சொல் மட்டும் இன்னும் அவள் வாயில் வரவில்லை. எதைப் பார்த்து அதைச் சொல்லப்போகிறாள் என்பதும் தெரியவில்லை.